சூரிய சந்திரர் உள்ளவரை ஒரு குமிழி

ஜூன் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை. வாயே திறக்காத ஒரு பெண்ணை, வாயைத் திறந்துவிட்டாள் என்று அவளுடைய சொந்தத் தாய்மாமனே ஊரறியக் குற்றம் சாட்டினார். சாட்டியதோடு நில்லாமல், அன்று மாலை நான்கு மணிக்கு அவளுக்குக் கிடைக்கவிருந்த வேலையையும் கெடுக்க முனைந்தார். இது அநியாயம். அநியாயத்தை அநியாயம் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. பிணத்தைக் காட்டாமல் இருபது பக்கம் இழுத்தடிப்பவர்கள் இழுத்தடிக்கட்டும். இந்தக் கதையில் பிணமும் இல்லை, அவகாசமும் இல்லை.

தாய்மாமன் சாதாரண ஆள் அல்லர். சோப்புக் குமிழி விடுவதையே தொழிலாகக் கொண்டு, தமக்குத் தாமே 'குமிழி மன்னர்' என்று பட்டம் சூட்டிக்கொண்டவர். இரண்டு கோல்களுக்கிடையே கட்டிய கயிற்றை வாளியில் நனைத்து அவர் கையை விரித்தால், கன்றுக்குட்டி அளவுக்குக் குமிழி எழும். ஒரு குழந்தையை நடுவில் நிறுத்தி, அதைச் சுற்றிக் குமிழியால் சுவரெழுப்புவார். கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும். அந்தக் கரைசலில் அவர் என்ன கலக்கிறார் என்பது, தம் வயதைக் காட்டிலும் கவனமாக அவர் மறைத்துவந்த இரகசியம்.

அது வெளியேறிவிட்டது. வெளியேற்றியவள் தம் அக்காள் மகள்தான் என்று மெய்ப்பிப்பதற்காகவே அவர் துப்பறிவாளரை அழைத்திருந்தார்.

துப்பறிவாளர் ஐம்பதைக் கடந்த அம்மையார். எதைப் பார்த்தாலும் இடக்கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பதால் ஊரார் அவரை 'அரைக்கண்' என்பர். முழுவதும் மூடிவிட்டாரானால் துப்புத் துலங்கிவிட்டது என்று பொருள். அவருடைய உதவியாளன் அவருக்குச் சித்தி மகன். அவன் தூக்கத்திலும் பேசுகிறான் என்று மனைவியே சாட்சி சொல்லியிருப்பதால், அவனுக்கு 'லொடலொட' என்ற பெயர் நிலைத்துவிட்டது. துப்பறியும் தொழிலுக்கு இப்படி ஒருவனா என்று கேட்பவர்களுக்கு அரைக்கண் ஒரே விடைதான் வைத்திருந்தார்: "அவன் பேசறப்போ எல்லாரும் அவனைப் பாப்பாங்க. நான் மத்ததையெல்லாம் பாப்பேன்."

மன்னரின் பட்டறையில் ஜன்னலுக்குத் திரை இருந்தது; திரைக்கு மேல் இன்னொரு திரையும் இருந்தது. உள்ளறைக் கதவில் பூட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின. மூலையில் கட்டியிருந்த கொடியில், விரல் நுனியிலிருந்து தோள்வரை நீளும் மெல்லிய பிளாஸ்டிக் கையுறைகள் உலர்ந்துகொண்டிருந்தன. மன்னர் எதையும் எறியாதவர் போலும். சில கையுறைகளை வெட்டி வாளிகளுக்கு மூடியாகக் கட்டியிருந்தார். ஒன்றைக் குடைக்கு உறையாக மாட்டியிருந்தார். அந்தக் குடை, ஐந்து விரல் விரித்து வந்தவர்களை வரவேற்றது.

"என்ன அண்ணே, யானைக்குப் பல்லு விளக்கி விடறீங்களா?" என்றான் லொடலொட.

"கையுறையைப் பத்திப் பேசக் கூடாது. எதைப் பத்தியும் பேசக் கூடாது. முதல்ல ரெண்டு பேரும் இதுல கையெழுத்துப் போடுங்க."

மன்னர் நீட்டியது ஓர் இரகசியக் காப்பு ஒப்பந்தம். அவரே எழுதியது என்பது அதன் ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. 'இப்பட்டறையிலும் இவ்விசாரணையிலும் கண்டது, கேட்டது, தொட்டது, முகர்ந்தது ஆகிய அனைத்தையும் சூரிய சந்திரர் உள்ளவரை எவரிடமும் வெளியிடேன்.'

"அமாவாசையன்னிக்குச் சந்திரன் இருக்காதே அண்ணே. அன்னிக்கு மட்டும் சொல்லிக்கலாமா?"

"கூடாது."

"முகர்ந்ததுன்னு வேற போட்டிருக்கீங்க. உங்க சாப்பாட்டு டப்பா திறந்து கிடக்கு. உள்ள என்னன்னு மூக்கு கண்டுபிடிச்சிருச்சு. அதையும் நான் சாகற வரைக்கும் சொல்லக் கூடாதா?"

"கூடாதுன்னா கூடாதுதான். அம்மா, இவன் எப்பவும் இப்படித்தானா?"

"இன்னைக்குக் கொஞ்சம் அடக்கமா இருக்கான்," என்றார் அரைக்கண். தம் பேனாவை எடுத்து, ஒப்பந்தத்தின் அடியில் ஒரு வரியைத் தம் கையாலேயே சேர்த்தார். "இதையும் ஒத்துக்கிட்டா போடறேன். வாசிக்கிறேன், கேளுங்க. 'ஊரார் முன்பே அறிந்ததும், கட்சிக்காரர் தாமே பிறர் முன்னிலையில் சொன்னதும் இதில் அடங்கா.'"

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார். "நானா? என் வாயால நானே சொல்லப்போறேனா? சேத்துக்கோங்கம்மா, தாராளமா."

கையெழுத்தானதும் அவர் ஒரு சிறிய பாட்டிலை மேசைமேல் வைத்தார். கடைத்தெருவில் உள்ள பொம்மைக் கடையில் வாங்கியது. 'இராட்சதக் குமிழி' என்று ஒட்டியிருந்தது. மூடியைத் திறந்து விரலை முக்கித் தூக்கினார். கரைசல் சொட்டவில்லை, விரலிலிருந்து மெல்லிய நூலாக நீண்டு, அறுபடாமல் ஆடியது. லொடலொட அந்த நூலைத் தொட்டுப் பார்த்தான்.

"நூல் இழுக்குது பாருங்க. என்னோடதும் இப்படித்தான் இழுக்கும். உலகத்துல என்னோடது மட்டும்தான் இப்படி இழுத்துக்கிட்டு இருந்துச்சு. அக்கா பொண்ணாச்சேன்னு கூட வெச்சுக்கிட்டேன். கையெழுத்து வாங்கிட்டுத்தான் தொழிலைச் சொல்லிக் குடுத்தேன். என்னைக் கேக்காம விலகிப் போனா. சரி, போகட்டும். இப்போ பாத்தா என் சரக்கு பொம்மைக் கடையில தொங்குது. அவ சொல்லாம யாரு சொல்லியிருப்பா?"

"அவங்களுக்கு இன்னைக்கு ஏதோ வேலை கிடைக்கப்போகுதாமே?"

"வணிக வளாகத்துல குழந்தைகள் கூடம் ஒண்ணு திறந்திருக்காங்க. அங்கயே நிரந்தரமா இருந்து குமிழி விடற வேலை. நாலு மணிக்கு மேலாளரம்மா முடிவு சொல்றாங்க. நானும் போறேன். 'இவ ரகசியத் திருடி'ன்னு அவங்க முன்னாடி வெச்சே சொல்லப்போறேன். நீங்க அதை நிரூபிக்கணும்."

அரைக்கண் பாட்டிலைத் தம் பையில் போட்டுக்கொண்டார்.

*

அக்காள் மகள், வளாகத்தின் பின்புறத்துச் சாமான் அறையில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கம்பளிக் கையுறை மாட்டிய உள்ளங்கையில் ஒரு குமிழியைப் பந்துபோல் தட்டித் தட்டி எழுப்பினாள். குழலால் ஊதி அதற்குள் இன்னொரு குமிழியை நுழைத்தாள். பிறகு ஒன்றன் வாலில் ஒன்றை ஒட்டவைத்துக் கம்பளிப்பூச்சி ஒன்றைக் காற்றில் நடக்கவிட்டாள். லொடலொட பேச மறந்தான். இது வரலாற்றில் குறிக்கத்தக்க நிகழ்ச்சி.

வந்த காரியத்தை அரைக்கண் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் வாடியது. ஆனால் குரல் தளரவில்லை.

"மாமா நினைக்கிற மாதிரி நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலைங்க. உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன். கலவையில என்ன போடறேன்னு மட்டும் கேக்காதீங்க."

"சொன்னீங்கன்னா உங்க மேல இருக்கற பழி போயிடும்மா."

"கையெழுத்துப் போட்டிருக்கேனே! அவர் என்னைத் திருடின்னு சொன்னாலும், நான் போட்ட கையெழுத்து நான் போட்டதுதான்."

"அக்கா," என்றான் லொடலொட, நெஞ்சில் கை வைத்து. "இப்படி ஒருத்தர் இருக்காங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, என் ஏ.டி.எம். நம்பரை இவங்ககிட்டயே குடுத்து வெச்சிருப்பேன். எனக்கே அது ஞாபகம் இருக்கறதில்லை."

அரைக்கண் குனிந்து, அவளுடைய வாளிக்குள் விரலை விட்டுத் தூக்கினார். கரைசல் பொட்டுப் பொட்டென்று சொட்டியது. நூல் இல்லை. பையிலிருந்த பாட்டிலைத் திறந்து இன்னொரு விரலை முக்கினார். நூல் நீண்டது.

"எப்பவும் இந்த அளவுலதான் விடுவீங்களா? உங்க மாமா கன்னுக்குட்டி அளவுக்கு விடறாரே?"

அவள் தயங்கினாள். "மாமா கூட இருந்தப்போ நானும் பெருசாத்தான் விட்டேன். தனியா வந்த பிறகு தலையளவுக்கு மேல எழவே மாட்டேங்குது. அதே கலவைதான், அதே அளவுதான். எவ்வளவோ முயற்சி பண்ணிப் பாத்துட்டேன். என் கைதான் கெட்டுப்போச்சு போலிருக்கு. அதனாலதான் சின்னக் குமிழியிலேயே வித்தை பழகிக்கிட்டேன்."

"பட்டறையில கலக்கறது யாரு?"

"நான்தான். கலக்கி முடிச்சதும், 'போய் மைக்கைப் பாரு'ன்னு மாமா அனுப்புவார்."

"என்னைக்காவதா?"

"தினமும். அந்த மைக் ஒருநாள்கூடக் கெட்டதில்லைங்க. நான்தான் தினமும் போய்ப் பாத்துட்டு வருவேன்."

அரைக்கண்ணின் இடக்கண், பாதியிலிருந்து இன்னும் சற்றுக் கீழே இறங்கியது.

கடைத்தெருவுக்கு நடக்கும்போது லொடலொடவால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் அக்கா, சூரிய சந்திரர் உள்ளவரைன்னு எழுதிட்டா உண்மையிலேயே அதுவரைக்கும் செல்லுமா? அப்போ நம்ம பேரப்பிள்ளைங்களும் அந்தச் சாப்பாட்டு டப்பாவைக் காப்பாத்தணுமா?"

"நாட்டுக்கு நாடு சட்டம் மாறும்டா. ஆனா சாதாரண வியாபார விஷயம்னா ரெண்டு வருஷம், மூணு வருஷம், மிஞ்சிப்போனா அஞ்சு வருஷம்னு ஒரு கெடு போடுவாங்க. கெடுவே இல்லாம எல்லாத்தையும் மூடி வைன்னா, இது நியாயமான்னு நீதிபதி கேப்பார்."

"தொழில் ரகசியம்னா?"

"அது வேற. அது ரகசியமா இருக்கற வரைக்கும் காப்பாத்தச் சொல்லலாம். நூறு வருஷமானாலும் சரி. ஆனா ஊருக்குத் தெரிஞ்சுபோன நிமிஷமே அது ரகசியம் இல்லை. அதுக்கப்புறம் காகிதத்தைச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டிக்க வேண்டியதுதான். அதோட, ரகசியம்னு சொல்றவர் அதை ஒழுங்கா காப்பாத்தியிருக்கணும். எது ரகசியம்னு தெளிவா சொல்லியிருக்கணும். கையெழுத்துப் போடறவங்களுக்குப் பதிலுக்கு ஏதாவது கிடைச்சிருக்கணும். ஒரு வேலையோ, ஒரு வித்தையோ."

"இவ்வளவு இருக்கா! நான் என் கல்யாணத்துலகூட இவ்வளவு விசாரிக்கலையே."

"அது தெரியுது."

*

பொம்மைக் கடையும் அதன் பக்கத்துக் கடையும் ஒரே நீண்ட அறைதான். நடுவே ஓர் அலமாரியை நிறுத்தி இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் கரடிப் பொம்மைகளும் பந்துகளும் இருந்தன. அந்தப் பக்கம் கால்நடை மருந்துகள். அங்கே ஒரு நடுவயதுக்காரர் அமர்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல், விரல் நுனியிலிருந்து தோள்வரை நீளும் மெல்லிய பிளாஸ்டிக் கையுறைகள் கொத்தாகத் தொங்கின. பக்கத்தில் ஓர் அட்டை: 'பொடி ஒரு டப்பா வாங்கினால் கையுறை இலவசம்.'

லொடலொட, அரைக்கண்ணின் முழங்கையை இடித்தான். "அக்கா! மன்னரோட குடை!"

"வாயை மூடு. போய்க் கேளு."

"ரெண்டுல ஒண்ணைத்தான் செய்ய முடியும்," என்று முணுமுணுத்தபடி அவன் முன்னே சென்றான். "அண்ணே, குமிழி விடறாரே ஒருத்தர், அவர் உங்ககிட்ட..."

மருந்துக்கடைக்காரர் பதறி எழுந்தார். உதடுகளை இறுக்கி, இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டினார். பிறகு அமர்ந்து, சுவரைப் பார்க்கத் தொடங்கினார்.

அலமாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை எழுந்தது. கையில் துடைதுணியுடன் அவர் மனைவி, பொம்மைக் கடைக்காரி.

"அவர் பேச மாட்டார் தம்பி. கையெழுத்துப் போட்டிருக்கார். நான் போடலை. என்ன வேணும், என்னைக் கேளுங்க."

கணவர் சுவரைப் பார்த்தவாறே நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அரைக்கண் பாட்டிலை எடுத்துக் காட்டினார். "இதுல என்னம்மா கலந்திருக்கீங்க?"

"அவர் முதுகுக்குப் பின்னாடி இருக்கற பொடிதான். மாடு ஈனற நேரத்துல கன்னு உள்ளயே சிக்கிக்கிட்டா, டாக்டர் இந்தப் பொடியைத் தண்ணியில கரைச்சு, அந்தக் கையுறையில பூசிக்கிட்டுக் கையை உள்ள விட்டு இழுப்பார். ஒரு சிட்டிகை போட்டாலும் வழவழன்னு நூல் நூலா வரும்."

லொடலொட தன் விரலைத் தள்ளி நின்று பார்த்தான். "இதை அந்தப் பட்டறையில நான் தொட்டேனே!"

"குமிழி மன்னர் ரொம்ப நாளா வாங்கறார்," என்று பொம்மைக் கடைக்காரி தொடர்ந்தார். "எங்க வீட்டுக்காரர் என்ன நினைச்சார் தெரியுமா? பெரிய பண்ணைக்காரர் போல, பாவம், ஒரு மாடுகூட ஒழுங்கா கன்னு போட மாட்டேங்குதுன்னு நினைச்சார். 'மாடெல்லாம் சௌக்கியமா?'ன்னு விசாரிப்பார். அவரும் 'சௌக்கியம்'பார். இப்படியே போய்க்கிட்டு இருந்துச்சு."

"அப்புறம் எப்படித் தெரிஞ்சுது?"

"அவரேதான் வந்தார், ஒரு காகிதத்தைத் தூக்கிக்கிட்டு. எங்க வீட்டுக்காரர் கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டார். 'நீங்களே வாசிங்க'ன்னார். அவரும் நடுக்கடையில நின்னு சத்தமா வாசிச்சார். 'இந்தப் பொடியைச் சோப்புத் தண்ணியில கலந்துதான் பெரிய குமிழி விடுகிறார் என்பதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.' அதுவரைக்கும் எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே தெரியாது! நான் இந்தப் பக்கம் கரடியைத் துடைச்சுக்கிட்டு இருந்தேன். காதை மட்டும் கழட்டி வெக்கவா முடியும்?"

மருந்துக்கடைக்காரரின் தோள்கள் குலுங்கின. சிரிப்பதற்கு ஒப்பந்தத்தில் தடை இல்லை.

இரகசியத்தைக் காப்பதற்கென்றே ஒரு மனிதர் கடைவீதிக்கு நடந்து சென்று, அதை உரக்க வாசித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்! பூட்டை மாட்டுவதற்காகச் சுவரை இடித்தவரை என்னவென்று சொல்வது? ஆயினும், பழி யார்மீது விழுந்தது என்று பாருங்கள். வாசித்தவர் மீது அன்று; வாய்மூடி இருந்தவள் மீது.

"கையெழுத்துப் போட்டதுக்கு உங்க வீட்டுக்காரருக்கு என்ன குடுத்தார்?" என்று கேட்டார் அரைக்கண்.

"குடுக்கறதாவது! போட்டு முடிச்சதும் பேனாவைக்கூடத் திருப்பி வாங்கிக்கிட்டார்."

"நீங்க வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"சேச்சே, யார்கிட்டயும் சொல்லலை. தையல்காரர்கிட்ட சொன்னேன். சலவைக் கடையில சொன்னேன். பஸ் நிறுத்தத்துல பேச்சுவாக்குல வந்துச்சு. அவ்வளவுதான்."

"அந்த அக்கா பொண்ணு?"

"அந்தப் பொண்ணா? ஒரு தடவை பொம்மை வாங்க வந்துச்சு. இந்தப் பாட்டிலைப் பாத்துட்டு, 'எப்படிக்கா இவ்வளவு பெருசா வருது?'ன்னு என்னையே கேட்டுச்சு. சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். 'வேண்டாம், இது மாமாவோட தொழில் விஷயம், நான் கேக்கக் கூடாது'ன்னு ஓடியே போயிடுச்சு."

அரைக்கண்ணின் இடக்கண் முழுவதும் மூடியது.

"முடிஞ்சுது!" என்று துள்ளினான் லொடலொட. "அக்கா, நேரா கூடத்துக்குப் போறோம், எல்லாத்தையும் போட்டு உடைக்கிறோம். இந்த அம்மாவும் வரட்டும்."

"நான் வந்தா, 'திருட்டுச் சரக்கு விக்கிறவ வேற என்ன சொல்லுவா'ன்னு அவர் கத்துவார். கடையையும் பூட்ட முடியாது," என்றார் பொம்மைக் கடைக்காரி.

"அவங்க சொல்றது சரி," என்றார் அரைக்கண். "நாம சொன்னாலும் பாதிதான் சொல்ல முடியும். பொடி விஷயம் தெருவுக்கே தெரியும். அது நம்ம காகிதத்துல அடங்காது. ஆனா அந்தப் பொண்ணுக்கு அது தெரியவே தெரியாதுங்கறது, அவர் ஒருத்தர் மனசுல மட்டும் இருக்கற விஷயம். அது அவர் வாயிலிருந்துதான் வரணும்."

"அவராவது சொல்றதாவது!"

"சொல்ல மாட்டார்டா. பெருமை அடிப்பார்."

*

நான்கு மணிக்குக் குழந்தைகள் கூடத்தில் மேலாளர் அம்மையார், மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு காத்திருந்தார். குமிழி மன்னர், மேடைக்கென்று தைத்த மினுமினுக்கும் நீண்ட கோட்டுடன் வந்திருந்தார். அக்காள் மகள் தன் வாளியின் அருகே, கோல்களைக் கையில் பிடித்தபடி நின்றாள். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவரும் அவளைப் பார்க்கவில்லை.

"எனக்குச் சுருக்கமா சொல்லுங்க," என்றார் மேலாளர். "இந்தப் பெண்மேல தப்பு இருந்தா வேலை குடுக்க மாட்டேன். இல்லைன்னா இப்பவே ஆணை குடுக்கறேன். ஆணையில என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

மன்னர் எழுந்தார். தாம் எவ்வாறு தொழில் தொடங்கினார், எந்தெந்த ஊர்களில் குமிழி விட்டார், யார் யார் கைதட்டினார்கள் என்பவற்றைச் சுருக்கமாக நெடுநேரம் சொன்னார். இறுதியில், "என் ரகசியத்தை முழுசா இவகிட்ட ஒப்படைச்சேன். இவ வித்துட்டா. துப்பறியற அம்மா சொல்லுவாங்க," என்று அமர்ந்தார்.

அரைக்கண், தம்முன் இருந்த தண்ணீரைக் குடித்தார். "நான் ஒண்ணும் சொல்லலைங்க. அவங்க ஒரு தடவை குமிழி விட்டுக் காட்டட்டும். தன் சரக்குதானான்னு மன்னரே பாத்துச் சொல்லட்டும்."

அக்காள் மகள் கயிற்றை நனைத்துக் கைகளை விரித்தாள். ஒரு மனிதத் தலையளவு குமிழி எழுந்து, வண்ணங்கள் சுழல மெல்ல மிதந்தது.

"ஆகா!" என்று கூவினான் லொடலொட. அவன் பிறந்ததே இந்தக் கணத்துக்காகத்தான். "அச்சு அசல் மன்னரோட குமிழி! அதே உயரம், அதே அகலம்! கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தா வித்தியாசமே தெரியலை!"

மன்னரின் மீசை துடித்தது. "என்னது?"

"உங்களோடதும் இப்படித்தானே அண்ணே? இன்னும் கொஞ்சம் சின்னதா இருக்குமோ?"

"சின்னதா?" மன்னர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இதுவா என் குமிழி? என் குமிழியைப் பாத்திருக்கியாடா நீ? உன்னையே உள்ள வெச்சு மூடிடும்! இதுல நூல் எங்க இருக்கு? இழுவை எங்க இருக்கு? வெறும் சோப்பையும் சர்க்கரையையும் கிளிசரினையும் போட்டா இப்படித்தான் அல்பமா எழும்!"

"நீங்க சொல்லிக் குடுத்த கலவைதானே அண்ணே?"

"நான் சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான்! மீதியைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? இவளை மைக்கைப் பாக்கச் சொல்லி வெளிய அனுப்பிட்டு, கதவைத் தாழ் போட்டுட்டுத்தான் டப்பாவையே திறப்பேன்! இத்தனை வருஷம் பக்கத்துலயே இருந்தாளே, இவளுக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாது! அவ்வளவு பத்திரமா வெச்சிருந்தேன்யா நான்!"

குமிழி வெடித்தது. அந்தச் சிறிய சத்தம் கூடம் முழுவதும் கேட்டது.

மேலாளர் அம்மையார் மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "தெரியாத விஷயத்தை இந்தப் பெண் எப்படிங்க வித்திருக்க முடியும்?"

மன்னரின் வாய் திறந்திருந்தது. அரைக்கண் இன்னும் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். அவர் ஒப்பந்தத்தை ஓர் எழுத்தளவும் மீறவில்லை.

மன்னர் விடவில்லை. மினுமினுக்கும் கோட்டுக்குள் கையை விட்டு ஒரு கற்றைக் காகிதத்தை உருவினார். "இங்க கேட்டதை யாரும் வெளிய சொல்லக் கூடாது. எல்லாரும் ஒரு கையெழுத்து..."

"வாங்கி வெச்சுக்கிட்டு என்ன அண்ணே பண்ணப்போறீங்க?" என்று லொடலொட அந்தக் கற்றையை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கினான். "அந்தத் தெருவுல இருக்கற நாய்க்கு மட்டும்தான் இன்னும் தெரியாது. அதுவும் சந்தேகம்தான்."

அக்காள் மகள் கோல்களைக் கீழே வைத்தாள். தன் இரண்டு கைகளையும் விரித்து, முன்பின் பார்த்திராதவள்போல் பார்த்தாள்.

"அப்போ... என் கை நல்லாத்தான் இருந்துச்சா மாமா?"

இதற்கு மன்னரிடம் காகிதம் இல்லை. "உன் கைக்கு என்னம்மா குறை?" என்றார், தம் காலணியைப் பார்த்துக்கொண்டு. "என்னைவிட நிதானமான கை."

"ரெண்டு வருஷமா என் கைதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன் மாமா. நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

மன்னர் அவளருகே வந்தார். குனிந்து, அவள் காதோரம் தாழ்ந்த குரலில், "சரி, போனது போகட்டும். இப்போ சொல்லிடறேன். அது வந்து..." என்று தொடங்கினார்.

அவள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். "வேண்டவே வேண்டாம் மாமா! சொல்லிட்டு அப்புறம் கையெழுத்துக் கேப்பீங்க!"

முதலில் சிரித்தவர் மேலாளர். லொடலொட நாற்காலியோடு சரிந்தான். மன்னர்கூட, தடுக்க முயன்று தோற்று, மீசைக்குள் சிரித்துவிட்டார்.

மேலாளர் பணி ஆணையில் கையெழுத்திட்டு அவளிடம் நீட்டினார். வேறொருத்தியாயின், அந்த மகிழ்ச்சியில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டிருப்பாள். அவள் அமர்ந்து, கடைசி வரிவரை வாசித்தாள். விரலால் ஓரிடத்தைத் தொட்டாள்.

"மேடம், வளாகத்தோட வியாபார விஷயத்தை வெளிய சொல்லக் கூடாதுன்னு இருக்கு. சரிதான். ஆனா எந்தெந்த விஷயம்னு இல்லை. வேலையை விட்ட பிறகு எத்தனை வருஷம்னும் இல்லையே?"

மேலாளர் அந்த வரியைத் தாமும் ஒருமுறை வாசித்தார். பிறகு பேனாவைத் திறந்து, கூடத்தின் வாடகை விவரங்கள் என்றும், இரண்டு வருடம் என்றும் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார். அதன் பிறகே அவள் கையெழுத்திட்டாள்.

அரைக்கண் தம் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவருடைய இடக்கண் வழக்கம்போல் பாதி திறந்துகொண்டது.

வாசகரே, அவள் கேட்டாள். நீங்கள் கேட்டதுண்டா? உங்கள் மேசை இழுப்பறையில், வேலையில் சேர்ந்த அவசரத்தில் நீங்கள் வாசிக்காமலே கையெழுத்திட்ட காகிதம் ஒன்று கிடக்கிறது. இல்லையென்று என்னிடம் சொல்லாதீர்கள். இந்தப் புத்தகத்தை மூடுங்கள். அந்தக் காகிதத்தை எடுங்கள். எதைக் காக்கச் சொல்லியிருக்கிறார்கள், எந்த நாள்வரை என்று அதில் தேடுங்கள். இல்லையென்றால், நாளைக் காலை அதை உங்களிடம் நீட்டியவர் முன் போய் நின்று, அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். அவர் உங்களை மைக்கைப் பார்த்துவரச் சொல்லக்கூடும். போகாதீர்கள்.